பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

அத்தியாயம் ஆறு

ரேடியோ மூன்றாவது கியருக்கு மாறுவதற்குள் மாஸ்டர் பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி நிற்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தது பக்கத்து சீட்டில். அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. வெறும் தரையைத்தான் மிதித்தார். மிதித்த காலை எடுக்கவும் இல்லை. கொலைப் பழி தலைக்கு மேல் தொங்கும்போதுகூட ஒரு மனுஷனால் முன்னால் போகிற லாரியைப் பற்றிக் கவலைப்பட முடிகிறதே என்று ரேடியோவுக்கு ஒரு பக்கம் எரிச்சலாக இருந்தது. இன்னொரு பக்கம் பாவமாகவும் இருந்தது.

ரேடியோ என்பது ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர். வாயை மூட சுவிட்ச் இல்லாததால் வந்தது. வைத்தவர் சர்வேயர், தன் காரின் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று எழுதிக் கொடுத்தே இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு மாடி அறை, இரண்டு நாற்காலி, ஒரு போர்டு என்று துப்பறியும் நிறுவனம் தொடங்கிவிட்டார். மனிதர்கள் பேச்சை நம்பமாட்டார், சாமான்களைத்தான் நம்புவார். ரேடியோவும் மனுஷிதான் என்பதால் அவள் பேச்சுக்கும் அங்கே மதிப்பு கிடையாது.

மாஸ்டருக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். ரேடியோவும் எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினாள். நாற்பத்தொரு வகுப்பு; ஒவ்வொரு திருப்பத்திலும் இன்ஜின் அணைந்தது. டெஸ்டுக்கு முதல் நாள் மாஸ்டர் அவளிடம், நீ தையல் கற்றுக்கொள் என்று யோசனை சொன்னார். மறுநாள் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி பக்கத்தில் உட்கார, மாஸ்டர் ரோட்டோரம் நிற்க, அவள் முதல் தடவையிலேயே பாஸாகிவிட்டாள். அதிர்ஷ்டம் என்றார் மாஸ்டர். அவளும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விவகாரம் இதுதான். மாஸ்டருக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். எங்கேயாவது போகலாம் என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு, கடைசியில் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். அந்தம்மா ஒரு நோட்டில் பதினோரு இடம் எழுதி வைத்திருந்தார். நாலு இடம் தேசியப் பூங்காவுக்குள்ளே. மிச்சம் ஏழு இடம் அதைத் தாண்டி: ஒரு ஏரி, மணல்மேடு, உப்பளம், கடைசியில் ஒரு கலங்கரை விளக்கம். போனது பள்ளிக்கூட வண்டியில். மேலே பயிற்சி போர்டு, பக்கத்து சீட்டுக்குக் கீழே மாஸ்டருக்கென்று தனி பிரேக். அப்படி ஒரு வண்டியில் பெண்டாட்டியோடு ஊர் சுற்றப் போகிறவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நாலாவது நாள் காலை, நாலு இடம் பார்த்து முடித்ததும், திரும்பிப் போகலாம் என்று மாஸ்டர் முடிவு பண்ணிவிட்டார். ஆயில் மாற்ற இன்னும் நானூறு கிலோமீட்டர்தான் பாக்கி இருந்ததாம். சண்டை வந்ததா என்று சர்வேயர் கேட்டதற்கு, இல்லையே, அவள் பேசவே இல்லையே என்று பெருமையாகச் சொன்னார். பூங்காவுக்குள் ஒரு மலை முனையில் நிறுத்தி, டயரைப் பார்க்கக் கீழே இறங்கியிருக்கிறார். மனைவி ஏதோ சொன்னார். டயரில் சிக்கியிருந்த கல்லைக் குடைந்துகொண்டே இவர் சரி சரி என்றார். நிமிர்ந்து பார்த்தால் வண்டியையும் காணோம், மனைவியையும் காணோம்.

இதை அவர் சொன்னபடி யாரும் நம்பவில்லை. பூங்கா வாசலில் இருந்த காவலாளி, வண்டி நம்பரை மட்டும் எழுதுகிற ஆள். யார் ஓட்டினார்கள் என்று நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லை. நோட்டில் வண்டி வெளியே போனது பதினொன்று இருபதுக்கு. மாஸ்டர் முழங்கால் வரை சேற்றோடு வாசலுக்கு நடந்து வந்தது இரண்டு மணிக்கு. வண்டி மறுநாள் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு ரயில் நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் கிடைத்தது. பூட்டிய வண்டி, உள்ளே அந்தம்மாவின் போன். ரயில் டிக்கெட் கொடுத்தவர்களுக்கு அப்படி ஒரு பெண்மணியைப் பார்த்த ஞாபகம் இல்லை. பெண்டாட்டியைக் காட்டுக்குள் முடித்துவிட்டு, வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்து காலில் சேறு பூசிக்கொள்ள இரண்டு மணி நாற்பது நிமிஷம் தாராளம் என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டார். அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அந்தம்மாவின் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பத்து நாள் முன்பு வரை மாஸ்டரை மாமா மாமா என்றவர், இப்போது இந்த ஆளு என்கிறார்.

இன்றைக்குப் பத்தாவது நாள். வண்டியை எல்லார் முன்னாலும் திறந்து பார்க்கிறேன், வந்து சேருங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவ உயிரோட இருக்கான்னு மட்டும் யாராவது சொல்லிட்டா போதும்மா," என்றார் மாஸ்டர் திடீரென்று. "அப்புறம் ஜெயில்ல போட்டாலும் பரவாயில்ல." அடுத்த நொடி, "இண்டிகேட்டர்," என்றார்.

ரேடியோ இண்டிகேட்டரைப் போட்டாள்.

வாகன நிறுத்துமிடம் ஸ்டேஷனுக்குப் பக்கவாட்டில், தகரக் கூரையும் வரிசையாகத் தூண்களுமாக இருந்தது. பள்ளிக்கூட வண்டி இரண்டு தூணுக்கு நடுவில், பின்பக்கமாக உள்ளே போய், இந்தப் பக்கம் ஒரு சாண் அந்தப் பக்கம் ஒரு சாண் என்று அளந்து வைத்த மாதிரி நின்றது. வண்டியைப் பார்த்ததும் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பே வந்திருந்த அந்தம்மாவின் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியால் விசிறிக்கொண்டு, ஜீப் பஞ்சர், ஒட்டப் போயிருக்கிறது, நாலு மணிக்குள் வந்துவிடும், அதற்குள் சீக்கிரம் முடியுங்கள் என்றார். வெயிலில் நிற்க வைத்ததற்கும் மாஸ்டர்தான் காரணம் என்பது போல ஒரு பார்வை வேறு.

மாஸ்டர் வீட்டு மாற்றுச் சாவியால் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துவிட, சர்வேயர் வேலையைத் தொடங்கினார். முட்டி போட்டார், எட்டிப் பார்த்தார், கையிலிருந்த அளவு நாடாவைச் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே பிடித்தார். சீட் முன்னால் தள்ளியிருந்தது. ஆறடி மாஸ்டர் அந்த இடத்தில் உட்கார்ந்தால் முட்டி மூக்கில் இடிக்கும். நடுக்கண்ணாடியும் உயரம் குறைந்தவருக்குத் தகுந்தபடி சாய்த்திருந்தது. சர்வேயர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கடைசியாக ஓட்டியது குட்டையான ஒருவர், அதாவது அந்தம்மாதான் என்று சொல்லி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். விவகாரம் முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்று ரேடியோ நினைத்தாள்.

முடிந்திருக்கும், மாஸ்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். அவர் குனிந்து சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். தலை சாய்க்கிற மெத்தையின் உயரத்தைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து தலையை ஆட்டினார்.

"இல்லையே. இது அவ உக்கார்ற மாதிரி இல்லையே."

அவள் எப்படி உட்காருவாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாஸ்டர் மளமளவென்று கொட்டிவிட்டார். அவளுக்கு உட்காரவே தெரியாது. குஷன் இல்லாமல் உட்கார மாட்டாள். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு முன்கண்ணாடியில் இடிக்கிற மாதிரி உட்காருவாள். நடுக்கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாது, அவள் முகம்தான் தெரியும். முப்பது வருஷமாகச் சொல்லியும் ஏறவில்லை. ஆனால் இந்த சீட் பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. முட்டி மடங்கும் அளவு, முதுகு சாயும் கோணம், கண்ணாடியில் முழுப் பின்பக்கம், மெத்தை காதுக்கு நேரே, சக்கரம் நேராக, நிறுத்தியபின் முதல் கியர். இந்த உயரத்துக்கு இவ்வளவு சுத்தமாக சீட் போட எத்தனை பேருக்கு வரும்?

"நீங்களே சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "எத்தனை பேருக்கு வரும்?"

மாஸ்டர் யோசித்தார். நேர்மையான மனுஷன். "எனக்கு வரும்," என்றார்.

தன் கையாலேயே தன் கழுத்தில் கயிறு மாட்டி, முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்துவிட்டார். தம்பி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சர்வேயர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். பெண்டாட்டி ஓட்டிப் போனது போலக் காட்ட நினைத்த ஆள், பழக்க தோஷத்தால் மாணவிக்குப் போடுகிற மாதிரி சீட் போட்டுவிட்டான். சாமான் பொய் சொல்லாது என்று அவர் முணுமுணுத்தார். தன் கட்சிக்காரனைத் தானே உள்ளே தள்ளுகிற துப்பறிவாளரை ரேடியோ அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பக்கத்து சீட் கதவையும் இன்ஸ்பெக்டர் திறந்து காட்டினார். கீழே அந்தம்மாவின் குஷன் கிடந்தது. பூப்போட்ட துணி, கசங்கி உருண்டு, மாஸ்டரின் பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பாருங்கள், இழுபறி நடந்திருக்கிறது, அதில் விழுந்தது என்றார். மாஸ்டர் அதைப் பார்த்ததும் தூணில் சாய்ந்துவிட்டார்.

ரேடியோ குனிந்தாள். விழுந்த குஷன் மாதிரி அவளுக்குத் தெரியவில்லை. யாரோ இரண்டாக மடித்து, பிரேக்குக்கும் தரைக்கும் நடுவே செருகி, முட்டியால் அமுக்கி, இன்னும் ஒரு தடவை அமுக்கி இறுக்கியிருந்தார்கள். கையால் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். அது ஒரு துளி இறங்கவில்லை.

சர்வேயரைத் தனியே கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் டீக்கடைக்குப் போனாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று கவலையாக இருந்தார்.

"சார், பக்கத்து சீட்டுல ஆளே இல்லாதப்ப அந்த பிரேக்கை யார் சார் மிதிப்பாங்க?"

யாரும் மிதிக்க மாட்டார்கள் என்றார் சர்வேயர்.

"அப்ப அதுக்கு அடியில குஷனை எதுக்கு அடைக்கணும்?"

உபயோகமே இல்லாத காரியம், அதனால்தான் தற்செயலாக விழுந்தது என்கிறேன் என்றார் அவர். ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உபயோகத்துக்காகச் செய்தது இல்லை சார், ஆசைக்காகச் செய்தது என்றாள். முப்பது வருஷமாக அந்த பிரேக்கை ஒரு நாளாவது இப்படி அடைக்கவேண்டும் என்று நினைத்த ஒரே ஒரு ஜீவன்தான் அதைச் செய்திருக்கமுடியும். மாஸ்டர் செய்வாரா? அந்த பிரேக் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி.

சீட் விஷயம் என்ன என்று கேட்டார் சர்வேயர். அதுதான் மாஸ்டரே தன் வாயால் சொன்னாரே.

ரேடியோ டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தன்னுடைய நாற்பத்தொரு வகுப்பு ஞாபகம் வந்தது. திருப்பம் வரும், இவள் திருப்புவாள், பக்கத்தில் அவர் படக்கென்று மிதிப்பார், இன்ஜின் செத்துப்போகும், உனக்கு வராது என்பார். டெஸ்ட் அன்று அவர் ரோட்டோரம் நின்றார். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. எட்டு வருஷம் கழித்து அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சே, அது அதிர்ஷ்டமே இல்லை.

"அவர் பக்கத்துல இருக்கற வரைக்கும் யாருக்குமே ஓட்ட வராது சார். அந்தம்மாவும் அதான் பேசாம ஸ்டீயரிங்கைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவர் இறங்கினதும், சொல்லிக்கொடுத்த அத்தனையும் வந்துடுச்சு. அந்த சீட்டை அவங்கதான் போட்டாங்க. அவர் பாடப் புத்தகம்னு சொன்னாரே, அந்தப் பாடத்தை முப்பது வருஷம் கேட்டது யாரு?"

சர்வேயர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். சூடு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியானால் ரயில் ஏறி எங்கே போனார் என்று கேட்டார்.

"முப்பது வருஷம் கழிச்சு ஸ்டீயரிங் கைக்கு வந்திருக்கு. அதை விட்டுட்டு ரயில்ல போய் மறுபடியும் பக்கத்து சீட்டுலயா உக்காருவாங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, ஆளுயர எழுத்தில், வாடகைக் கார் என்று ஒரு போர்டு இருந்தது. பத்து நாளாக அது அங்கேதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் தினமும் அதன் நிழலில்தான் ஜீப்பை நிறுத்துவாராம். உள்ளே போய்க் கேட்டீர்களா என்று பிற்பாடு அவரைக் கேட்டபோது, சொந்த வண்டி வைத்திருக்கிறவள் எதற்கு வாடகை வண்டி எடுக்கப்போகிறாள் என்று நியாயமாகத்தான் பதில் சொன்னார்.

வாடகைக் கார் ஆபீசில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு பெண். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு அம்மா, பத்து நாள் முன்னால் மத்தியானம் என்று ரேடியோ ஆரம்பித்ததுமே அவள் நிமிர்ந்துவிட்டாள். அந்தம்மாவை எப்படி மறக்கமுடியும்? எல்லாரும் ஏசி இருக்கா, பாட்டு கேட்குமா என்று விசாரிப்பார்கள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"பக்கத்து சீட்டுல பிரேக் இல்லையேன்னு கேட்டாங்க. நான் அப்படி எந்த வண்டியிலயும் இருக்காதும்மான்னு சொன்னேன். எனக்கு முத்தம் கொடுக்காத குறை."

சின்ன வண்டி, வெள்ளை நிறம். திருப்பித் தரவேண்டியது இன்று மாலை நாலு மணிக்குள். சுவரில் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

ரேடியோ ரோட்டைத் தாண்டி ஓடினாள். பஞ்சர் ஒட்டிய ஜீப் அதற்குள் வந்து நின்றிருந்தது. மாஸ்டர் மறுக்காமல், திமிறாமல், ஒரு காலை ஏறுபடியில் வைத்திருந்தார். ஜீப்பின் பின் டயரில் காற்று குறைவு என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிஷம் பொறுங்கள் என்று ரேடியோ கெஞ்சினாள். நீங்கள் கதை எழுதப் போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். சர்வேயர் ஜீப்புக்கு முன்னால் போய், குறுக்கே நின்று, அளவு நாடாவை எடுத்து பம்பரை அளக்க ஆரம்பித்தார். அளந்தார், எழுதினார், மறுபடி அளந்தார். இருபத்தாறு வருஷ அனுபவத்தை முழுசாகப் பயன்படுத்தி எட்டு நிமிஷத்தைக் கரைத்தார்.

அப்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. வெள்ளை என்று யூகிக்கத்தான் முடிந்தது, அத்தனை புழுதி. வாடகைக் கார் ஆபீஸ் வாசலில் இரண்டு பெரிய வேன்கள் நின்றன, நடுவில் ஒரு வண்டி நுழையலாமா கூடாதா என்கிற அளவு இடம். கார் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. இண்டிகேட்டர் போட்டது. ஒரே வீச்சில், தயங்காமல், பின்பக்கமாக அந்த இடத்துக்குள் போய் நின்றது. சக்கரம் நேராக இருந்தது.

"யாரு அது?" என்றார் மாஸ்டர், ஜீப் படியிலிருந்து, தன்னையும் மறந்து. "நல்லா ஓட்டறாங்களே."

கதவு திறந்தது. மூக்கின் மேல் வெயிலில் தோல் உரிந்து, கையில் ஒரு பையும் நோட்டுமாக, அவர் மனைவி இறங்கினார்.

மாஸ்டர் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். கிட்டே போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி, ரோடு என்று பார்க்காமல் அழுதார். தம்பியும் அழுதுகொண்டே வந்து அக்கா அக்கா என்றார். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போலீஸ் எதற்கு, கடையை மூடிவிட்டு நீ இங்கே எதற்கு என்று கேட்டார்.

"சொல்லாம கொள்ளாம போயிட்டியே," என்றார் மாஸ்டர்.

"சொல்லிட்டுத்தானே போனேன்?" என்றார் அந்தம்மா. "மிச்சத்தையும் பாத்துட்டுப் பத்து நாள்ல வரேன், வண்டியை ஸ்டேஷன்ல விட்டுடறேன், நீங்க பஸ்ல போய்க்கங்கன்னேன். நீங்கதான் சரி சரின்னீங்க. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

போனையாவது எடுத்துப்போயிருக்கலாமே என்று தம்பி முனகினார். எடுத்துப்போனால் எந்த கியரில் இருக்கிறாய் என்று மணிக்கொரு தடவை கூப்பிடுவாரே, எல்லாம்தான் சொல்லியாகிவிட்டதே என்று அந்தம்மா சாதாரணமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். தம்பி மாஸ்டர் பக்கமாக நகர்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, மாமா என்றார்.

மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் அந்த வெள்ளைக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷம் என் பக்கத்தில் ஏன் அப்படி ஓட்டினாய் என்று கேட்டார்.

"நான் எங்க ஓட்டினேன்?" என்றார் அந்தம்மா. கோபமே இல்லை, அதுதான் ரேடியோவுக்குத் தாங்கவில்லை. "பிரேக் உங்க கால்லதானே இருந்துச்சு."

சர்வேயர் ரேடியோ பக்கம் குனிந்து, சாமான் பொய் சொல்லவில்லை, நான்தான் சரியாகக் கேட்கவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று ரேடியோ யோசித்தாள்.

பள்ளிக்கூட வண்டியின் சாவி மாஸ்டர் கைக்கு வந்தது. அவர் அதை மனைவியிடம் கொடுத்தார். பழக்கத்தில் பக்கத்து சீட் கதவைத் திறந்தார். கீழே பூப்போட்ட குஷன் பிரேக்குக்கு அடியில் இறுகி இருந்தது. எடுத்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்தார்.

"நீ முன்னாடி உக்காரும்மா," என்றார் ரேடியோவிடம்.

சர்வேயர் தன் காரில் பின்னால் வந்தார். அந்தம்மா சீட்டைத் தொடவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. வண்டி தூணுக்கு நடுவிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ரேடியோ பிரேக் பக்கமே கால் வைக்காமல் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கலங்கரை விளக்கம் எப்படி இருந்தது என்று கேட்டாள். அந்தம்மா சொல்ல ஆரம்பித்தார். பின் சீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் திருப்பம் வந்தது. ரேடியோ மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் வாயை இறுக்கி மூடியிருந்தார். வலது கால் மட்டும் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.